பள்ளிக்கு ஏற்ற தரைவிரிப்புத் தூய்மை இயந்திரம்: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

தரையில் சம்மணமிட்டு அமர்ந்திருக்கும் ஆறு வயதுக் குழந்தையின் மூக்குக்கும் தரைக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு அடி தூரம்தான் உள்ளது. 2022-ஆம் ஆண்டு 'எண்ணும் எழுத்தும்' தொடங்கியபின், தொடக்க வகுப்புக் குழந்தைகள் வட்டமாக அமர்ந்து செய்யும் செயல்பாடுகள் பெருகியுள்ளன. அவர்களுக்காகப் பாயும் ஜமுக்காளமும் விரிக்கிறோம். சில பள்ளிகளில் ஸ்மார்ட் வகுப்பறையிலும் விழா மேடையிலும் கார்ப்பெட் வந்துவிட்டது. தலைமையாசிரியர் அறையில் சோபாவும் கணினி ஆய்வகத்தில் குஷன் நாற்காலிகளும் இருக்கின்றன. இவற்றில் தங்கும் தூசியை எப்படி அகற்றுகிறோம் என்பது, பள்ளி அழகாகத் தெரிவதைவிட நேரடியாகக் குழந்தையின் மூச்சோடு தொடர்புடையது.

விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசியை ஒட்டிய நாரணாபுரம் போன்ற ஊர்களில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் முக்கியத்துவம் உண்டு. பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்கள் நடக்கும் வட்டாரம் இது. மழை குறைவு, வெயில் அதிகம். சாலைப் புழுதியோடு காகிதத் துகளும் கரித்தூளும் வகுப்பறைக்குள் வந்து சேரக்கூடும். நன்கொடையாளர் ஒருவர் "பள்ளிக்கு ஒரு நல்ல கிளீனிங் மெஷின் வாங்கித் தருகிறேன்" என்று முன்வந்தால், எதைக் கேட்டு வாங்குவது என்ற தெளிவு நமக்கு இருக்க வேண்டும்.

முதலில், இயந்திரம் தேவைதானா?

பவானி ஜமுக்காளம் போன்ற பருத்தி விரிப்புகளுக்கு இயந்திரமே தேவையில்லை. வகுப்பறைக்கு வெளியே, காற்று வீசும் திசையில் தட்டி உதறி, வெயிலில் இருபுறமும் காயவைத்து, மாதம் ஒருமுறை துவைத்தால் போதும். கோரைப்பாயை ஈரத்துணியால் துடைத்து வெயிலில் போட்டால் போதும். சிமென்ட், டைல்ஸ் தரைக்கு ஈரமாப்புதான் சிறந்த கருவி. தரையோடு ஒட்டப்பட்ட கார்ப்பெட், கழற்ற முடியாத சோபா உறை, குஷன் நாற்காலி ஆகிய மூன்றுக்கும்தான் இயந்திரம் உண்மையில் தேவைப்படுகிறது. ஆகவே முதல் வேலை, இவை பள்ளியில் எத்தனை சதுர அடி, எத்தனை இருக்கை என்று கணக்கெடுப்பது. ஒரே ஒரு சிறிய கார்ப்பெட்தான் இருக்கிறது என்றால், அதை எடுத்துவிட்டுக் கழுவக்கூடிய விரிப்பைப் போடுவதே மலிவான, ஆரோக்கியமான முடிவு.

ஊதுவதா, உறிஞ்சுவதா?

1901-ஆம் ஆண்டு லண்டனில், காற்றை ஊதித் தூசியைக் கிளப்பும் ஓர் இயந்திரத்தின் செயல்விளக்கத்தைப் பொறியாளர் ஹியூபர்ட் செசில் பூத் பார்த்தார். கிளம்பிய தூசியில் பெரும்பகுதி மீண்டும் அங்கேயே படிந்தது. ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன என்று அவர் யோசித்தார். உணவகம் ஒன்றின் நாற்காலி மெத்தைமேல் கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்சிப் பார்த்தார். கைக்குட்டையின் அடிப்பக்கம் கறுத்திருந்தது. அந்தச் சோதனையிலிருந்து பிறந்ததுதான் மோட்டாரால் இயங்கும் வேக்குவம் கிளீனர்.

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் கேன்டன் நகரில் ஜேம்ஸ் மர்ரே ஸ்பேங்லர் என்பவர் ஒரு பல்பொருள் அங்காடியின் துப்புரவுப் பணியாளர். அவருக்கு ஆஸ்துமா. கார்ப்பெட்டைப் பெருக்கும்போது எழும் தூசியே தம் மூச்சுத்திணறலுக்குக் காரணம் என்று கருதிய அவர், மின்விசிறி மோட்டாரையும் தலையணை உறையையும் கொண்டு எளிய உறிஞ்சு கருவி ஒன்றைச் செய்தார். 1908-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. பின்னர் அதை வாங்கித் தயாரித்தவர்களே ஹூவர் நிறுவனத்தார். தூசியை அதிகம் சுவாசிப்பவர் பெருக்குபவரே என்பதை இந்த வரலாறு நினைவூட்டுகிறது. நம் பள்ளித் தூய்மைப் பணியாளருக்கும் இது பொருந்தும்.

மூன்று வகை இயந்திரங்கள்

1. உலர் வேக்குவம் கிளீனர்: அன்றாடத் தூசி, மணலுக்கு ஏற்றது. கார்ப்பெட்டின் இழைகளை அறுப்பது பெரும்பாலும் மணல்தான். ஆகவே வாரத்துக்கு இருமுறை இதைச் செய்தாலே கார்ப்பெட்டின் ஆயுள் கூடும்.

2. தெளித்து உறிஞ்சும் இயந்திரம்: சோப்புக் கரைசலை இழைகளுக்குள் பீய்ச்சி, அழுக்கோடு சேர்த்து உடனே உறிஞ்சிக்கொள்ளும். விளம்பரங்களில் இதையும் 'ஸ்டீம்' என்று சொல்வதுண்டு. இதில் நீராவி கிடையாது, வெந்நீர்தான். ஆழமான அழுக்குக்கு ஆண்டுக்கு ஓரிருமுறை இது போதும். சோபாவுக்கும் நாற்காலிக்கும் இதனுடன் சிறிய கைமுனை கிடைக்கிறதா என்று கேட்க வேண்டும்.

3. சுழல் தூரிகை ஷாம்பூ இயந்திரம்: நுரை வரத் தேய்க்கும். ஆனால் அழுக்குநீரைத் தானே எடுக்காது, அதற்கு ஈரம் உறிஞ்சும் இயந்திரம் தனியே வேண்டும். பெரிய மண்டபங்களுக்கே ஏற்றது.

பெரும்பாலான பள்ளிகளுக்கு முதல் வகையே போதும். இரண்டாம் வகையைப் பல பள்ளிகள் பகிர்ந்துகொள்ளலாம்.

வாட் எண் சொல்லாதவை

விற்பனையாளர் முதலில் சொல்வது மோட்டாரின் வாட் அளவை. அது இயந்திரம் எவ்வளவு மின்சாரம் எடுக்கும் என்பதைத்தான் காட்டும், எவ்வளவு நன்றாக உறிஞ்சும் என்பதைக் காட்டாது. கேட்க வேண்டியவை இரண்டு: வினாடிக்கு எத்தனை லிட்டர் காற்று செல்கிறது, உறிஞ்சு அழுத்தம் எத்தனை மில்லிபார்? முதலாவது தூசியைச் சுமந்து செல்லும் திறன். இரண்டாவது இழைகளுக்குள் இருக்கும் நீரையும் மணலையும் மேலே இழுக்கும் திறன்.

அதைவிட முக்கியமானது வடிகட்டி. உள்ளே சென்ற நுண்தூசி பின்பக்கக் காற்றோடு வெளியே வந்தால், விளக்குமாறு செய்த வேலையைத்தான் இயந்திரமும் செய்கிறது என்று பொருள். ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தைத் தடுக்கும். அதாவது 10,000 துகள்களில் 3 மட்டுமே தப்பும். வடிகட்டியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் இறுக்கமாக இல்லாவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது. செயல்விளக்கத்தின்போது அறையை இருட்டாக்கி, காற்று வெளியேறும் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒளிக்கற்றையில் துகள்கள் மிதந்தால் அந்த இயந்திரம் வகுப்பறைக்கு வேண்டாம். தூசியைக் கொட்டும்போது மீண்டும் பறக்காமலிருக்க, தூக்கி எறியும் பை உள்ள மாதிரி நல்லது.

மின் இணைப்பையும் பார்க்க வேண்டும். 1,400 வாட் இயந்திரத்தை 230 வோல்ட்டில் இயக்கினால் 6 ஆம்பியருக்குச் சற்று அதிகமான மின்னோட்டம் பாயும். வகுப்பறையின் சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் அதைச் செருகக் கூடாது. 16 ஆம்பியர் பிளக், சரியான எர்த், மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் கருவி ஆகியவை தேவை. பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு மின்திறன் பாடத்தில் இதையே ஒரு கணக்காகத் தரலாம்.

தண்ணீர் எவ்வளவு திரும்பி வருகிறது?

தெளித்து உறிஞ்சும் இயந்திரத்துக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. சுத்தநீர்த் தொட்டியில் 10 லிட்டர் ஊற்றி, முழுவதும் தெளித்து முடித்தபின் அழுக்குநீர்த் தொட்டியில் சேர்ந்ததை அளந்து பாருங்கள். 7 லிட்டர் வந்தால் 3 லிட்டர் கார்ப்பெட்டிலேயே தங்கிவிட்டது. இரண்டு இயந்திரங்களை ஒரே கார்ப்பெட்டில் சம பரப்பில் சோதித்தால் எது மேல் என்று தெரிந்துவிடும். தங்கிய ஈரம் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் பூஞ்சை வளரத் தொடங்கும். ஆகவே ஈரத் தூய்மைக்கு மே மாத விடுமுறையே உகந்தது. தீபாவளியை ஒட்டி வரும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அதைத் தவிர்க்க வேண்டும்.

துணியின் தன்மையும் முக்கியம். நாற்காலி, சோபா உறைகளில் சிலவற்றில் குறியீடு அச்சிடப்பட்டிருக்கும். 'டபிள்யூ' என்றால் நீர் சார்ந்த கரைசல், 'எஸ்' என்றால் கரைப்பான் மட்டும், 'எக்ஸ்' என்றால் உறிஞ்சுவது மட்டும். குறியீடு இல்லையெனில், மறைவான மூலையில் ஈரமான வெள்ளைத் துணியை அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் ஈர இயந்திரம் வேண்டாம். பருத்தி, கம்பளி இரண்டும் வெந்நீரில் சுருங்கக்கூடும். குஷனுக்குள் இருக்கும் ஃபோம் நீரைப் பிடித்துவைக்கும் என்பதால், இருக்கைகளுக்குக் குறைந்த நீரே போதும்.

பட்டாசு வட்டாரத்துக்கு ஓர் எச்சரிக்கை

சிந்திய பட்டாசு மருந்தையோ, வெடிக்காத பட்டாசிலிருந்து கொட்டிய தூளையோ எந்த வேக்குவம் கிளீனராலும் உறிஞ்சக் கூடாது. சாதாரண மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷில் சிறு தீப்பொறிகள் எழும். உலர்ந்த தூள் பிளாஸ்டிக் குழாயில் உராய்ந்து செல்லும்போது நிலைமின்சாரம் சேரும். அலுமினியம், கந்தகம், வெடியுப்பு கலந்த தூளுக்கு இவற்றில் ஒன்றே போதும். ஈர இயந்திரமும் தீர்வாகாது. நுண்ணிய அலுமினியத் தூள் நீருடன் வினைபுரிந்தால் வெப்பமும் ஹைட்ரஜன் வாயுவும் உண்டாகும். மூடிய தொட்டிக்குள் அது ஆபத்து. அப்படிப்பட்ட தூளைக் கண்டால் பெருக்காமல், மிதிக்காமல், குழந்தைகளை அப்புறப்படுத்தி, தலைமையாசிரியர் மூலம் தீயணைப்பு நிலையத்துக்கு 101 அல்லது 112 எண்ணில் தெரிவிக்க வேண்டும். தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில், குழந்தைகள் பொறுக்கி வரும் வெடிக்காத பட்டாசுகளைப் பற்றிக் காலை வணக்கக் கூட்டத்திலேயே பேசிவிடுவது நல்லது. இதைச் சொல்லும்போது, பட்டாசு ஆலைக்கு வேலைக்குச் செல்லும் பெற்றோரின் பிள்ளைகள் தனித்து நோக்கப்படாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

யார் இயக்குவது? எந்த நிதி?

இயந்திரத்தை இயக்குபவர் தூய்மைப் பணியாளர். ஆகவே வாங்கும் முன் அவரையே ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மாடிப்படியில் தூக்க முடிகிறதா, கைப்பிடி அவர் உயரத்துக்கு ஏற்றதா, நிரம்பிய தொட்டியை இறக்க எளிதா என்பதை அவர்தான் சொல்ல முடியும். மாணவர்களை இதில் ஈடுபடுத்தக் கூடாது. பயிற்சியும் முகக்கவசமும் தருவது பள்ளியின் கடமை.

ஒருங்கிணைந்த பள்ளி மானியத்தில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிகளுக்கு உரியது. 2022-இல் தொடங்கப்பட்ட 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப்பள்ளி' வழியாக நன்கொடையும் பெறலாம். எந்த வழியானாலும் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்துத் தீர்மானிப்பதே முறை. விலையோடு பை, வடிகட்டி ஆகியவற்றின் ஆண்டுச் செலவையும், உதிரிபாகமும் பழுதுநீக்கும் வசதியும் மதுரையிலோ விருதுநகரிலோ கிடைக்குமா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உதிரிபாகம் கிடைக்காத இயந்திரம் ஓராண்டில் பண்டக அறைக்குப் போய்விடும். அருகிலுள்ள பள்ளிகள் வட்டார வள மையத்தின் வழியே ஈர இயந்திரம் ஒன்றைப் பொதுவாக வைத்துக்கொண்டால் செலவு பகிரப்படும், இயந்திரமும் ஓய்ந்து கிடக்காது.

எனவே விலைப்பட்டியலைக் கையில் எடுக்கும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். வெளியேறும் காற்றில் தூசி எவ்வளவு? கார்ப்பெட்டில் தங்கும் ஈரம் எவ்வளவு? இயக்குபவரின் உடலுக்கு ஏற்படும் சிரமம் எவ்வளவு? மூன்றும் எதில் குறைவோ, அதுவே நம் பள்ளிக்கு ஏற்ற இயந்திரம்.