உயிர் காத்தவருக்குப் பதக்கம்: மனு போட வேண்டியது யார்?

பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் 2020 ஆகஸ்ட் 6 அன்று இளைஞர்கள் நான்கு பேர் மூழ்கினார்கள். அங்கே துணி துவைக்க வந்திருந்த மூன்று பெண்கள் உடுத்தியிருந்த சேலையை அவிழ்த்து வீசி இரண்டு பேரைக் கரையேற்றினார்கள். மற்ற இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. ஒன்பதாவது நாள் வந்த சுதந்திர தினத்தில் அந்தப் பெண்களுக்குத் தமிழக அரசின் கல்பனா சாவ்லா விருது கிடைத்தது. செய்தி பரவியது, கோட்டையின் காதுக்கும் எட்டியது.

எட்டாத ஊர்கள்தான் அதிகம். கிணற்றில் குதித்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தூக்கி வந்தவருக்கு ஊர்த் திருவிழாவில் ஒரு சால்வை போடுவார்கள், அதோடு சரி. நடந்ததை ஒரு தாளில் எழுதி அரசுக்கு அனுப்ப வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. காப்பாற்றியவரே தனக்குப் பதக்கம் கொடு என்று எழுதிக் கேட்கக் கூச்சப்படுவார். அதனால் இந்த வேலையை மற்றவர்கள் கையில் எடுக்க வேண்டும்: காப்பாற்றப்பட்டவரின் வீட்டார், ஊராட்சித் தலைவர், பள்ளி ஆசிரியர், கண்ணால் பார்த்தவர்.

உயிர் காக்கும் செயலுக்கென்றே மத்திய அரசு 1961 முதல் ஜீவன் ரக்ஷா பதக்கங்களை வழங்கி வருகிறது. நீரில் மூழ்குதல், தீ, விபத்து, மின்சாரம் தாக்குதல், நிலச்சரிவு, விலங்கு தாக்குதல், சுரங்க விபத்து என எதிலிருந்து ஒருவரை மீட்டாலும் பொருந்தும். மீட்டவர் எவ்வளவு பெரிய ஆபத்தில் இறங்கினார் என்பதைப் பொறுத்து சர்வோத்தம், உத்தம், ஜீவன் ரக்ஷா என்று மூன்று படிகள். பதக்கத்தோடு உள்துறை அமைச்சர் கையெழுத்திட்ட சான்றிதழும், படிக்கு ஏற்ப 2 லட்சம், 1.5 லட்சம், 1 லட்சம் ரூபாயும் உண்டு. ஆண், பெண், எந்தத் தொழில் என்ற பேதம் கிடையாது. காவலர், தீயணைப்பு வீரர், ராணுவத்தினர் என்றால் பணி நேரக் கடமையாக அல்லாமல் செய்த மீட்புக்கு மட்டுமே கிடைக்கும். காப்பாற்றப் போய் உயிரை விட்டவருக்கும் உண்டு. பல குடும்பங்களுக்கு இது தெரியாது.

இதில் சிக்கல் காலக்கெடு. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டு தாண்டிவிட்டால் பரிசீலிக்க மாட்டார்கள். பரிந்துரை மாநில அரசு வழியாகப் போக வேண்டும். அதற்கு முன் மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் விசாரித்து அறிக்கை தர வேண்டும். கோப்பு நகரும் வேகம் நமக்குத் தெரிந்ததுதானே? ஆகவே நடந்த மாதத்திலேயே எழுதிவிடுவது நல்லது. நாள், நேரம், இடம், நீர் எவ்வளவு ஆழம், மீட்டவருக்கு நீச்சல் தெரியுமா, அவருக்கு என்ன காயம் என்று விவரமாக எழுதுங்கள். ‘வீரத்துடன் காப்பாற்றினார்’ என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு எந்தக் குழுவும் படியை முடிவு செய்ய முடியாது. பார்த்தவர்களின் கையெழுத்து, காப்பாற்றப்பட்டவரின் வாக்குமூலம், மருத்துவமனைச் சீட்டு, காவல் நிலையத்தில் பதிவாகியிருந்தால் அதன் நகல், செய்தித்தாள் துண்டு ஆகியவற்றை இணைத்து, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

மாநில விருதுகளுக்குப் போட்டி கடுமை. வீரதீரச் செயலுக்கான அண்ணா பதக்கத்தைக் குடியரசு தினத்தன்று முதலமைச்சர் அணிவிக்கிறார். ஆண்டுக்குப் பொதுமக்களில் மூவர், அரசு ஊழியரில் மூவர் என்பது கணக்கு. கல்பனா சாவ்லா விருது துணிச்சலான பெண்களுக்கு, 5 லட்சம் ரூபாயுடன். கடைசித் தேதியை ஆண்டுதோறும் அறிவிப்பார்கள், தமிழக அரசின் விருதுகள் இணையதளத்தில் பார்க்கலாம். சிறுவர்களுக்கு பிரதமரின் ராஷ்டிரிய பால் புரஸ்கார் இருக்கிறது. 5 முதல் 18 வயது வரையுள்ளவர்கள் தாங்களே விண்ணப்பிக்கலாம்.

பதக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்க இன்றும் பலர் தயங்குவதற்குக் காரணம் ‘போலீஸ், கோர்ட்டு என்று அலைய விடுவார்கள்’ என்ற பயம். 2016இல் உச்ச நீதிமன்றம் உதவுபவர்களுக்கான பாதுகாப்பு நெறிமுறைகளைக் கட்டாயமாக்கியது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு வந்தது. நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது, அடிபட்டவர் இறந்தாலும், சிவில் வழக்கோ குற்ற வழக்கோ தொடர முடியாது. பெயர், முகவரி சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. சாட்சி சொல்வதும் அவர் விருப்பம். அட்மிஷன் பணம் கட்டு என்று மருத்துவமனை அவரை நிறுத்தி வைக்க முடியாது. ஆனால் இந்தப் பிரிவு மோட்டார் வாகன விபத்துக்கு மட்டும்தான். குளத்திலோ தீயிலோ மீட்டவருக்கு, நல்லெண்ணத்தில் செய்த செயலைக் குற்றமாகக் கருதாத பாரதிய நியாய சன்ஹிதாவின் 30ஆம் பிரிவு துணைக்கு வரும்.

பதக்கத்தை நினைத்து யாரும் தண்ணீரில் குதிப்பதில்லை. இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: மூழ்குபவர் மீட்க வந்தவரையும் கட்டிப்பிடித்து உள்ளே இழுத்துவிடுவார். கொட்டரைப் பெண்கள் வீசிய சேலைதான் சரியான பாடம். கயிறு, சேலை, மூடிய காலி கேன் என எதையாவது வீசுவதுதான் முதல் வழி. கூடவே 112க்கு அழையுங்கள்.

இன்னொரு ஆபத்து பணம் பிடுங்குபவர்கள். அரசுப் பதக்கத்துக்கு விண்ணப்பக் கட்டணமும் இல்லை, பரிசீலனைக் கட்டணமும் இல்லை. ‘உங்கள் பெயர் தேர்வாகிவிட்டது, கூரியருக்குப் பணம் அனுப்புங்கள்’ என்று போன் வந்தால் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். கல்யாண மண்டபத்தில் காசு வாங்கிக்கொண்டு கேடயம் தரும் அமைப்புகளின் பெயரில் ‘தேசிய’ இருக்கும், அசோகச் சின்னத்தைப் போல ஒன்றும் இருக்கும். அதற்கும் அரசுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

மனு கொடுத்து மாதங்கள் ஓடியும் பதில் இல்லையென்றால்? எனக்குப் பதக்கம் கொடு என்று உரிமையாகக் கேட்க முடியாது. கொடுப்பதும் மறுப்பதும் அரசின் முடிவு. மனு எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்கும் உரிமை உண்டு. ஆட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதினால் 30 நாளில் பதில் தர வேண்டும். விசாரணை அறிக்கை போனதா, எந்தத் தேதியில், பரிந்துரை சென்னைக்கு அனுப்பப்பட்டதா என்று தனித்தனிக் கேள்வியாகக் கேளுங்கள். இரண்டு ஆண்டுக் கெடு முடிய ஆறு மாதமாவது மீதமிருக்கும்போதே கேட்டுவிட்டால், விட்டுப்போன தாளைச் சேர்க்க நேரமிருக்கும்.