மணலில் இழுத்த கோடுகள்

சோப்பு, பிஸ்கட், தேயிலைத்தூள் என்று எதை வாங்கினாலும் அதன் உறையில் வரிசையாகச் சில கறுப்புக் கோடுகள் இருக்கின்றன. பில் போடுகிறவர் அதைக் கருவியின் முன் காட்டியதும் விலை திரையில் விழுந்துவிடுகிறது. ஒரு விநாடி வேலை! ஆனால் இந்த வித்தையைக் கண்டுபிடித்த இருவருக்கும் அதனால் கிடைத்த பணம் மொத்தம் 15,000 டாலர்தான்.

காதில் விழுந்த பேச்சு

1948-ம் ஆண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் உள்ள டிரெக்சல் தொழில்நுட்பக் கல்லூரிக்கு ஒரு மளிகைக் கடை நிறுவனத்தின் தலைவர் வந்தார். பில் போடும்போதே சரக்கின் விவரத்தைத் தானாகப் படித்துக்கொள்ளும் கருவி ஒன்றை ஆராய்ந்து தர முடியுமா என்று கல்லூரி டீனிடம் கேட்டார். டீன் இசையவில்லை. அந்தப் பேச்சு பெர்னார்ட் சில்வர் என்ற மாணவரின் காதில் விழுந்தது. அவர் தம் நண்பர் ஜோசப் வுட்லண்டிடம் போய்ச் சொன்னார்.

முதலில் ஒளிரும் மையில் அடையாளம் போட்டுப் பார்த்தார்கள். மை மங்கிவிட்டது, செலவும் கட்டவில்லை. வுட்லண்ட் கல்லூரியை விட்டுவிட்டு, மியாமி கடற்கரையில் இருந்த தாத்தா வீட்டுக்குப் போய்விட்டார்.

அவருக்குத் தெரிந்த ஒரே சங்கேதம், சாரணராக இருந்தபோது கற்ற மோர்ஸ். நம் ஊர்த் தந்தி ஆபீசில் ஒரு காலத்தில் தட்டிய அதே புள்ளியும் கோடும்தான். ஒருநாள் கடற்கரையில் உட்கார்ந்தபடி மணலில் விரல்களைப் பதித்துத் தம் பக்கமாக இழுத்தார். நான்கு கோடுகள் விழுந்தன. புள்ளியையும் கோட்டையும் இப்படிக் கீழ்நோக்கி நீட்டிவிட்டால் மெல்லிய கோடு, தடித்த கோடு என்று ஆகிவிடுமே என்று தோன்றியது. பிறந்தது பார்கோடு!

புகைந்த காகிதம்

1949 அக்டோபர் 20-ந் தேதி இருவரும் காப்புரிமைக்கு மனு கொடுத்தனர். 1952 அக்டோபர் 7-ந் தேதி உரிமை கிடைத்தது. எந்தப் பக்கமாகக் காட்டினாலும் படிக்க வேண்டும் என்பதற்காகக் கோடுகளை வட்டமாக வளைத்துப் போடும் முறையும் அந்த மனுவில் இருந்தது.

கருவியும் செய்தார்கள். மேசை அளவு பெரியது. வெளிச்சத்துக்கு 500 வாட் பல்பு. கோடுகளைப் படிக்கத்தான் செய்தது. ஆனால் அந்தச் சூட்டில் காகிதம் புகைய ஆரம்பித்துவிட்டது! லேசர் ஒளி வந்தது 1960-ல்தான். கடையில் வைக்கத்தக்க சிறிய கம்ப்யூட்டரும் அப்போது கிடையாது. காலத்துக்கு முந்திப் பிறந்த பிள்ளை என்றுதான் சொல்ல வேண்டும்.

உரிமையை பில்கோ கம்பெனிக்கு 15,000 டாலருக்கு விற்றுவிட்டார்கள். 1963-ல் சில்வர் இறந்தார். வயது 38. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமைக்கு ஆயுள் 17 ஆண்டு. 1969-ல் அது காலாவதியாயிற்று.

ஐந்தே ஆண்டுகள் கழித்து, 1974 ஜூன் 26-ந் தேதி, ஓஹியோ மாநிலம் டிராய் நகரின் மார்ஷ் கடையில் ஒரு சூயிங்கம் பாக்கெட் பார்கோடு மூலம் முதன்முதலாக விற்பனையாயிற்று. விலை 67 சென்ட். அந்தக் கோடுகளை வடிவமைத்தவர் ஐ.பி.எம். கம்பெனியின் ஜார்ஜ் லாரர். வுட்லண்டும் அதே கம்பெனியில்தான் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்! 1992-ல் அமெரிக்க அரசு அவருக்குத் தேசியப் பதக்கம் அளித்தது. 2012-ல், 91-வது வயதில் காலமானார்.

கடைசி எண்ணின் காவல்

நம் நாட்டுச் சரக்குகளில் பெரும்பாலும் 890 என்று தொடங்கும் 13 இலக்கங்களைப் பார்க்கலாம். இந்தியாவில் பதிவு செய்த எண் என்பதுதான் அதன் பொருள். சரக்கு இங்கே உற்பத்தியானது என்பதல்ல. கடைசி இலக்கம் காவல்காரன் மாதிரி. கணக்கு எழுதுகிறவர்கள் போட்டுப் பார்க்கலாம்: 1, 3, 5 என்று ஒற்றைப்படை இடங்களில் உள்ள இலக்கங்களை அப்படியே கூட்டுங்கள். 2, 4, 6 என்று இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டி மூன்றால் பெருக்குங்கள். இரண்டையும் சேர்த்தால் கடைசியில் பூஜ்யம் வர வேண்டும். ஏதாவது ஓர் இலக்கம் தவறினாலும் பூஜ்யம் வராது. கருவி அந்த எண்ணை ஏற்காது.