ஈரக் கைக்கு ஏற்ற ஸ்விட்ச்

நீச்சல் குளத்தின் ஓரத்திலும் ஜக்கூஸி தொட்டியின் விளிம்பிலும் இருக்கும் ஸ்விட்ச், வீட்டுச் சுவரிலுள்ள ஸ்விட்சுக்கு ரப்பர் உறை மாட்டியது அல்ல. பல தொட்டிகளில் அந்தப் பட்டனுக்குள் மின்கம்பியே கிடையாது.

இதை ஏர் ஸ்விட்ச் என்பார்கள். பட்டனுக்கு அடியில் மடிப்புகளுள்ள சிறிய காற்றுப்பை இருக்கிறது. அழுத்தியதும் அதிலுள்ள காற்று மெல்லிய பிளாஸ்டிக் குழாய் வழியாக, சில மீட்டர் தள்ளி உலர்ந்த இடத்திலுள்ள பெட்டிக்குப் பாய்கிறது. அங்கே ஒரு சவ்வு புடைத்து உள்ளிருக்கும் ஸ்விட்சைத் தட்ட, பம்ப் ஓடுகிறது. மறுபடி அழுத்தினால் நிற்கிறது. குளிப்பவரின் விரலுக்கும் 230 வோல்ட்டுக்கும் நடுவில் இருப்பது காற்றுதான். குழாய் கழன்றால் பட்டன் வேலை செய்யாது, ஆனால் ஷாக்கும் அடிக்காது. பழுதானாலும் ஆபத்தில்லாத பொருள் என்பதே இதன் பெரிய சிறப்பு.

இன்னொரு வகை பீசோ ஸ்விட்ச். சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கும் என்பதை 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தனர். இந்த ஸ்விட்சில் எஃகு மூடிக்குப் பின்னால் ஒட்டிய, அதே பண்புள்ள பீங்கான் வில்லை, கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்தாலே சமிக்ஞை தருகிறது. அசையும் பாகம் இல்லாததால் நீர் நுழைய இடுக்கும் இல்லை. இதன் கம்பிகளில் 12 அல்லது 24 வோல்ட் போன்ற குறைந்த மின்னழுத்தமே இருக்கும்.

இத்தனை கவனம் எதற்கு? தோல் நனைந்தால் உடலின் மின்தடை ஏறக்குறைய ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். அப்போது 230 வோல்ட் பட்டால் 200 மில்லிஆம்பியருக்கு மேல் பாயும். இதயத்தை நிறுத்த அதைவிடக் குறைவே போதும். 2023 டிசம்பரில் பெங்களூரு வர்த்தூரில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் நீச்சல் குளத்தில் ஒரு சிறுமி இறந்தாள். மின்சாரம் தாக்கியதே காரணம் எனப் போலீசார் பின்னர் தெரிவித்தனர். கிளப்ஹவுஸும் குளமும் இல்லாத பெரிய குடியிருப்பு அரிதாகிவிட்ட அந்நகரில், இது ஒவ்வொரு குடியிருப்போர் சங்கமும் கவனிக்க வேண்டிய விஷயம்.

சர்வதேச விதிகள் குளத்தைச் சுற்றியுள்ள இடத்தை மண்டலங்களாகப் பிரிக்கின்றன. நீருக்குள் 12 வோல்ட் ஏசிக்கு மேல் கூடாது. விளிம்பிலிருந்து 2 மீட்டர் வரை சாதாரண ஸ்விட்சோ பிளக் பாயின்ட்டோ வைக்கக் கூடாது.

வாங்கும்போது ‘வாட்டர்ப்ரூஃப்’ என்ற சொல்லை மட்டும் நம்புவது சரியல்ல. ஐபி எண்ணைப் பார்க்க வேண்டும். ஐபி65 பீய்ச்சும் நீரைத் தாங்கும், மூழ்கினால் தாங்காது. ஐபி67 ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். தொடர்ந்து மூழ்கியிருக்க ஐபி68 வேண்டும். இந்தச் சோதனைகள் நல்ல தண்ணீரில் நடப்பவை. குளோரின் ரப்பர் வாஷரை அரிப்பதை இவை காட்டுவதில்லை.

எந்த ஸ்விட்ச் போட்டாலும் சரியான எர்த்தும், 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே சப்ளையைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் கட்டாயம். அதன் டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்தி, சப்ளை நிற்கிறதா என்று எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டும். நிற்காவிட்டால், அதை மாற்றும்வரை குளத்தைப் பூட்டிவைக்க வேண்டும்.