கைகாட்டி நிறுத்தாத காவல்

களியக்காவிளையைக் கடந்து பாறசாலை வழியாக நெய்யாற்றின்கரைக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் இரு மாநில வண்டிகளும் கலந்தே ஓடுகின்றன. மார்த்தாண்டத்துப் பதிவெண் டி.என். 75, பாறசாலைக்குக் கே.எல். 19, நெய்யாற்றின்கரைக்குக் கே.எல். 20. 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு தமிழகத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆயினும் உறவும் வணிகமும் எல்லையைப் பாராமல் தொடர்ந்து வருகின்றன.

முன்னாளில் விதி மீறியவரைக் காவலர் கைகாட்டி நிறுத்துவார். உரிமத்தை வாங்கிப் பார்த்து அபராதச் சீட்டு எழுதுவார். வண்டியை ஓட்டியவர் யார் என்னும் ஐயம் அங்கே எழுவதில்லை. இன்று பல இடங்களில் அவ்வேலையைக் கேமரா செய்கிறது. 'சேஃப் கேரளா' திட்டத்தின்கீழ் 726 கேமராக்கள் நிறுவப்பட்டன. அவற்றுள் 675 செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள். 2023 ஜூன் 5 முதல் அவற்றின்வழி அபராதம் விதிக்கப்படுகிறது.

தலைக்கவசம் அணியாமை, இருக்கைப் பட்டை அணியாமை, ஓட்டும்போது கைப்பேசியில் பேசுதல், இருசக்கர வண்டியில் மூவர் செல்லுதல் ஆகியவற்றை இக்கேமரா இனங்காண்கிறது. உடனே எண் பலகையையும் படித்துக்கொள்கிறது. படம் கட்டுப்பாட்டு அறைக்குச் செல்கிறது. கருவியின் முடிவே இறுதி முடிவு அன்று. கறுப்புச் சட்டையின்மேல் கறுப்புப் பட்டை கிடந்தால் கருவி ஏமாறலாம் அன்றோ? ஆகவே, பணியாளர்கள் படத்தைச் சரிபார்த்து, மோட்டார் வாகனத் துறை அலுவலர் ஒப்புதல் அளித்த பின்னரே அறிவிப்பு அனுப்பப்படுகிறது.

இதற்கு வரையறை உண்டு. 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167அ என்னும் விதி சேர்க்கப்பட்டது. அதன்படி, கேமரா கண்காணிக்கும் பகுதிக்கு முன்பாகவே எச்சரிக்கைப் பலகை இருத்தல் வேண்டும். குற்றம் நிகழ்ந்த 15 நாள்களுக்குள் அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும். குற்றத்தையும் எண் பலகையையும் தெளிவாகக் காட்டும் படம், நாள், நேரம், இடம், மீறப்பட்ட சட்டப்பிரிவு ஆகியவை அதில் இடம்பெறல் வேண்டும்.

ஆயினும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. கருவி அறிவது வண்டியின் எண்ணைத்தான். ஓட்டியவரின் பெயரை அன்று. அறிவிப்பு பதிவேட்டிலுள்ள உரிமையாளருக்கே செல்லும். மகன் தலைக்கவசமின்றிச் சென்றால் தந்தையின் கைப்பேசிக்குச் செய்தி வரும். பதிவேட்டில் பழைய கைப்பேசி எண்ணோ முகவரியோ இருந்தால், அபராதம் விதிக்கப்பட்டதே அவருக்குத் தெரியாமற் போகலாம்.

எல்லைப்புறச் சிற்றூர்களில் இச்சிக்கல் மேலும் கூடும். பாறசாலைக்காரர் ஒருவர் தம் பழைய வண்டியைக் களியக்காவிளையிலுள்ள ஒருவருக்கு விற்கிறார் எனக் கொள்வோம். வண்டி வேறு மாநிலப் பதிவுக்கு மாறுவதற்குப் பழைய அலுவலகத்தின் தடையின்மைச் சான்று தேவை. பணம் கைமாறியதோடு பலர் அதனை மறந்துவிடுகின்றனர். வாங்கியவர் நெய்யாற்றின்கரைச் சந்தைக்கு அவ்வண்டியில் தலைக்கவசமின்றிச் சென்றால், அறிவிப்பு விற்றவரின் வீட்டுக்கே வரும். வண்டியை விற்றதற்கான சான்றுகளைத் தேடி எடுத்துக்கொண்டு அவரே அலுவலகத்துக்கு அலைய நேரும்.