4.2 வோல்ட்டில் நிற்கிற சார்ஜரா?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மலையை ஒட்டிக் கிடக்கும் ஊர்களில், மாமரம் பிஞ்சு பிடித்துவிட்டால் டார்ச் லைட்டுக்குக் கிராக்கி வந்துவிடும். தெற்கே சேத்தூர், தேவதானம். நடுவில் அய்யனார் கோயில் பக்கம், மம்சாபுரம், செண்பகத்தோப்பு. வடக்கே வத்திராயிருப்பு, கான்சாபுரம் என்று அடிவாரம் முழுக்கத் தோப்புகள்தான். பஞ்சவர்ணமும் சப்பட்டையும் காய்த்துத் தொங்குகிற நேரத்தில் யானை இறங்கும். பன்றிக்கு மாதக் கணக்கே கிடையாது. மேலே இருப்பது 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்த காடு. கீழே தோப்பில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்திருக்கிறார் காவல்காரர். அவர் கைக்கெட்டும் தூரத்தில் டார்ச் இல்லாமல் ஒரு ராத்திரியும் போவதில்லை.

தோப்புக்காரருக்கு மட்டுமில்லை. ராத்திரியில் கரன்ட் வரும் நேரம் பார்த்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவருக்கு வரப்பில் பாம்பு கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். விடியும் முன் மல்லிகை பறிக்கிறவர்களுக்கு நெற்றியில் கட்டும் லைட் வேண்டும். இந்த வட்டாரத்தில் டார்ச் என்பது மண்வெட்டி, அரிவாளைப் போலத் தொழில் சாமான். அதைச் சார்ஜ் போடும் விஷயத்தை மட்டும் நாம் இன்னும் சாமானியமாக எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

முன்பு சார்ஜ் என்ற பேச்சே கிடையாது. மூன்று கட்டை போடும் நீள டார்ச்; கட்டை தீர்ந்தால் பெட்டிக்கடையில் புதுக்கட்டை. கசிந்து உள்ளே பச்சை பூக்கும், அவ்வளவுதான். பிறகு வந்தது பின்னால் இரண்டு பின்னை மடக்கி வைத்திருக்கும் பிளாஸ்டிக் டார்ச். நேராகச் சுவரில் செருகலாம். உள்ளே இருப்பது 4 வோல்ட் ஈய அமில பேட்டரி. மலிவு, எங்கும் கிடைக்கும். இன்றைக்கும் பஸ் ஸ்டாண்ட் ஓரக் கடைகளில் தொங்குவது பெரும்பாலும் இதுதான். அந்த ஈய பேட்டரி சில மாதங்களில் சீக்காகிவிடும். அப்போதுதான் ஆபத்து உள்ளே நுழைகிறது.

"அண்ணாச்சி, இதுக்கு வேற நல்ல பேட்டரி போட்டுக் குடுங்க" என்று ரிப்பேர் கடையில் கொடுக்கிறோம். கடைக்காரர் பழைய லேப்டாப்பிலிருந்தோ பவர் பேங்கிலிருந்தோ உருவிய ஓர் உருளை லித்தியம் பேட்டரியை வைத்து ஈயம் பற்றவைத்துத் தருகிறார். வெளிச்சம் முன்பைவிடப் பிரகாசம். அரை ராத்திரி தாங்கியது முழு ராத்திரி தாங்கும். வாங்கிப் போனவருக்கும் சந்தோஷம், கொடுத்தவருக்கும் சந்தோஷம். கடைக்காரர் ஏமாற்ற நினைத்துச் செய்வதில்லை. ஆனால் அந்த டார்ச்சுக்குள் இருக்கும் சார்ஜரை யாரும் மாற்றவில்லை.

நாலு திருகைக் கழற்றி அந்த டார்ச்சைத் திறந்து பாருங்கள். சுவரில் செருகும் பின்னிலிருந்து வரும் ஒரு வயர், பட்டையாகக் கருஞ்சிவப்பு நிறத்தில் இருக்கும் ஒரு கெப்பாசிட்டருக்குப் போகும். அதன்மேல் 105, 400 வோல்ட் என்று அச்சிட்டிருக்கலாம். பக்கத்தில் ஒரு ரெசிஸ்டர், நாலு சின்ன டயோடு, ஒரு சிவப்பு எல்இடி. அங்கிருந்து இரண்டு வயர் நேரே பேட்டரிக்கு. டிரான்ஸ்பார்மர் இல்லை, ஐ.சி. இல்லை. 230 வோல்ட் கரன்ட்டை அந்தக் கெப்பாசிட்டர் நெருக்கிப் பிடித்து, சுமார் 70 மில்லி ஆம்பியர் அளவுக்குச் சொட்டவிடுகிறது. சிவப்பு எல்இடி எரிவது வீட்டில் கரன்ட் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். பேட்டரி நிரம்பியதா என்பது அதற்குத் தெரியாது. சுவரில் செருகியிருக்கும்போது இந்த டார்ச்சைத் திறந்து எந்த உலோகத்தைத் தொட்டாலும் ஷாக் அடிக்கும். மெயின் லைனுக்கும் நமக்கும் நடுவே தடுப்பு எதுவும் அதில் இல்லை.

ஈய பேட்டரி இதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். நிரம்பிய தொட்டியில் தண்ணீர் வழிவதைப் போல, மிஞ்சிய கரன்ட் வாயுவாகவும் சூடாகவும் போய்விடும். பேட்டரியின் ஆயுசு குறையும், வேறொன்றும் நடக்காது. சார்ஜ் ஆகும்போது இரண்டு அறை கொண்ட அந்த 4 வோல்ட் பேட்டரி 4.8 வோல்ட் வரை ஏறும்; அதன் இயல்பே அது. லித்தியம் அயனுக்கு 4.2 வோல்ட்டுதான் உச்சி. அதைத் தாண்டினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிய ஆரம்பிக்கும், நேர்முனைப் பொருள் நிலைகுலையும், சூடு ஏறும், வாயு சேரும். ஓர் அளவுக்கு மேல் போனால் அந்தச் சூடே அடுத்த சூட்டைக் கிளப்பும். அப்போது பின்னைப் பிடுங்கினாலும் நிற்காது.

70 மில்லி ஆம்பியர் குறைவுதானே என்று தோன்றும். குறைவாக இருப்பதுதான் கண்ணை மறைக்கிறது. 2,000 மில்லி ஆம்பியர் அவர் பேட்டரியை அது ஒரே ராத்திரியில் நிரப்பாது. ஆகவே ஒரு வாரம், ஒரு மாதம் எதுவும் ஆகாது. மழைக்காலத்தில் காவல் குறைந்து, டார்ச் நாள்கணக்கில் சுவரிலேயே தொங்குமே, அப்போதுதான் அது 4.2-ஐத் தாண்டி மெல்ல மெல்ல ஏறும்.

இந்த உருளை பேட்டரிக்குப் பெயர் 18650. 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். சோனி நிறுவனம் 1991-இல் லித்தியம் அயன் பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கியதற்காக குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. உலகத்தையே மாற்றிய சாதனம், சந்தேகமில்லை. ஆனால் 18650 செல்கள் தனித்தனியாகக் கையில் புழங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. காவல் சர்க்யூட்டோடு பொட்டலமாகக் கட்டப்பட்டு லேப்டாப்புக்குள் போவதற்காகச் செய்தவை. பிரித்தெடுத்தால் அந்தக் காவல் பழைய பொட்டலத்தோடு போய்விடும். அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2021 ஜனவரியில் இந்தத் தனி செல்களை வாங்கவே வேண்டாம் என்று எச்சரித்ததற்குக் காரணம் இதுதான்.

நம் மாநிலத்திலும் லித்தியம் நெருப்பைப் பார்த்துவிட்டோம். 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் ராத்திரி சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சு முட்டி ஒரு தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். டார்ச்சில் இருப்பது அதில் சிறு துண்டுதான். ஆனால் அந்தச் சிறு துண்டை நாம் எங்கே சார்ஜ் போடுகிறோம்? தென்னங்கீற்று வேய்ந்த காவல் குடிசையில், சாக்கு மூட்டைக்கும் வைக்கோலுக்கும் நடுவில், தலைமாட்டில். இதை எழுதத் தூண்டியதே அந்தத் தலைமாடுதான்.

அப்படியென்றால் எதை வாங்குவது?

ஈய பேட்டரி டார்ச் வைத்திருந்தால் ஈய பேட்டரியே போடுங்கள். லித்தியம் வேண்டுமென்றால் லித்தியத்துக்கென்றே செய்த டார்ச்சை வாங்குங்கள். இரண்டையும் கலக்க வேண்டாம். கடைக்காரர் கட்டாயம் மாற்றித்தான் தருவேன் என்றால், பேட்டரிக்கும் வயருக்கும் நடுவில் ஒரு காவல் சர்க்யூட் பலகையைப் போட்டுவிட்டால் போதும் என்று அவரே சொல்லக்கூடும். கெப்பாசிட்டர் சர்க்யூட்டை வைத்துக்கொண்டு அதைச் செய்வதில் எனக்குச் சம்மதமில்லை. ஷாக் அடிக்கும் சமாசாரம் அப்படியே இருக்கும்.

லித்தியம் டார்ச்சில் பாதுகாப்பானது, உடம்பிலேயே டைப்-சி துளை இருப்பது. அதற்குள் சிறு சார்ஜிங் பலகை உண்டு. முதலில் ஒரே அளவு கரன்ட்டைக் கொடுக்கும், 4.2 வோல்ட் வந்ததும் அந்த வோல்ட்டைப் பிடித்துக்கொண்டு கரன்ட்டைக் குறைத்துக்கொண்டே வரும். கரன்ட் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியதும் முழுசாக நிறுத்திவிடும். லித்தியத்துக்கு வேண்டியது இந்த நிறுத்தம்தான். நிரம்பிய பிறகும் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிற சார்ஜர் அதற்கு ஆகாது. போனுடைய 65 வாட் சார்ஜரில் போட்டால் வெடித்துவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். வெடிக்காது, கேட்டாலொழிய அந்தச் சார்ஜர் 5 வோல்ட்டுக்கு மேல் தராது. இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள கேபிளில் சில மலிவு டார்ச்சுகள் சார்ஜ் ஏறாமல் கிடக்கும். டார்ச் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட வேண்டாம். ஒரு முனை அகலமான பழைய யூஎஸ்பி கேபிளில் போட்டுப் பாருங்கள், ஏறும்.

பேட்டரியைக் கழற்றித் தனியாகச் சார்ஜ் போடும் வகை என்றால், சார்ஜரின் முதுகைத் திருப்பிப் படியுங்கள். வெளியீடு 4.2 வோல்ட் என்றும் எத்தனை ஆம்பியர் என்றும் அச்சிட்டிருக்க வேண்டும். இரண்டு பேட்டரி போடுவதாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி விளக்கு, தனிக் கணக்கு. பேட்டரியைத் தலைகீழாகப் போட்டால் ஏறக்கூடாது. 18650-க்கு ஒரு ஆம்பியர் போதும். விரல் நீள 14500, குட்டையான 16340 போன்ற சின்னவற்றுக்கு அதில் பாதிக்கும் கீழே. 14500 பார்வைக்கு சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் பேட்டரியைப் போலவே இருக்கும். அளவு ஒன்றுதான் என்று ஒன்றின் சார்ஜரில் மற்றதைப் போடக்கூடாது. வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

வாங்கி வந்த பிறகு ஒரு சோதனை. எலெக்ட்ரிக்கல் கடையில் சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கும். தோப்புக்கு ஒன்று இருந்தால் போதும். பச்சை விளக்கு வந்ததும் பேட்டரியை எடுத்து இரு முனையிலும் வைத்துப் பாருங்கள். 4.15-லிருந்து 4.20 வரை காட்டினால் நல்ல சார்ஜர். 4.25-ஐத் தாண்டினால் எவ்வளவு கொடுத்து வாங்கியிருந்தாலும் அதைத் திரும்பத் தொட வேண்டாம்.

பேட்டரியும் சரக்காக இருக்க வேண்டும். 18650-க்குள் பொதுவாக அடங்குவது ஏறக்குறைய 3,600 மில்லி ஆம்பியர் அவர் வரைதான். 9,900 என்று போட்டிருப்பது பச்சைப் பொய். நல்ல செல் சுமார் 45 கிராம் இருக்கும். மளிகைக் கடைத் தராசில் வைத்தாலே தெரிந்துவிடும். ஒரு ஆம்பியர் சார்ஜரில், தீர்ந்துபோன பேட்டரி அரை மணி நேரத்தில் நிரம்பிவிட்டால் அதில் 500-கூட இல்லை. நம் நாட்டில் இந்த வகை பேட்டரிக்கு ஐ.எஸ். 16046 என்ற தரத்தின்கீழ் பி.ஐ.எஸ். பதிவு கட்டாயம். உறையில் ஆர் எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண் இருக்கும். சுவரில் செருகும் அடாப்டரிலும் அதே மாதிரி எண்ணைத் தேடுங்கள். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் யார் பெயரில், எந்தப் பொருளுக்குப் பதிவு என்று வந்துவிடும். கடையில் நின்றபடியே பார்க்கலாம்.

இந்த ஊருக்கென்று ஒரு சங்கடமும் உண்டு. குளிரான நாடுகளில் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் போடாதே என்பார்கள். நமக்கு மறுபக்கம். 45 டிகிரிக்கு மேல் சூட்டில் சார்ஜ் போடக்கூடாது. சித்திரை வெயிலில் தகரக் கூரை போட்ட மோட்டார் ரூம் மதியத்தில் அந்தச் சூட்டைச் சுலபமாகத் தொடும். காவல் முடித்து வந்ததும் காலையில், வெயில் ஏறுவதற்குள் போடுங்கள். சிமென்ட் தரையிலோ கல் மேலோ வைத்து, ஆள் விழித்திருக்கும் நேரத்தில். சார்ஜ் ஆகும்போது வெதுவெதுப்பாக இருக்கலாம். கையில் பிடிக்க முடியாத சூடு ஆகாது.

பிளாஸ்டிக் உறை கிழிந்த செல்லைப் பயன்படுத்தாதீர்கள். அதன் உடம்பு முழுக்க எதிர்முனை; உச்சியில் உள்ள குமிழ் மட்டுமே நேர்முனை. சட்டைப்பையில் சாவிக்கொத்தோடு போட்டால் போதும், நெஞ்சைச் சுட்டுவிடும். இரண்டு செல் போடும் டார்ச்சில் பழசையும் புதுசையும் சேர்த்துப் போடாதீர்கள். பலம் குறைந்ததை மற்றது தலைகீழாக ஓட்டும். அலுமினியக் குழாய், இரு முனையிலும் ரப்பர் வளையம், மழைத்தண்ணீர்கூட நுழையாது என்று பெருமையாக விற்கிறார்கள். உள்ளே வாயு சேர்ந்தால் அதுவும் வெளியே போகாது, குழாயே வெடிக்கும்.

மாதக்கணக்கில் கிடந்து 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய செல்லை, இன்னொரு பேட்டரியிலிருந்து வயர் தொட்டு உசுப்பிவிடும் வழக்கம் ரிப்பேர் கடைகளில் இருக்கிறது. அதற்குள் செம்பு கரைந்து உள்ளேயே பாலம் போட்டிருக்கலாம். உசுப்பினால் எழும்; சார்ஜில் போட்ட பிறகு என்ன செய்யும் என்பதற்கு யாரும் ஜவாப்தாரி இல்லை.

மீறித் தீப்பிடித்தால் முதலில் ஆட்கள் வெளியே. அந்தப் புகை விஷம். மெயினை நிறுத்தி, தூரத்தில் நின்று தண்ணீரை வாளி வாளியாக ஊற்றுங்கள். லித்தியத்தில் தண்ணீர் பட்டால் இன்னும் எரியும் என்பது லித்தியம் உலோகத்துக்குப் பொருந்தும். இந்தச் சின்ன பேட்டரிக்கு வேண்டியது குளிர்ச்சி. அணைந்த பிறகும் மறுபடி பற்றலாம், உடனே கையில் எடுக்காதீர்கள்.

செத்த பேட்டரியை, தென்னை மட்டையையும் சருகையும் கூட்டிக் கொளுத்தும் நெருப்பில் வீசும் பழக்கம் தோப்புகளில் இருக்கிறது. சருகோடு சருகாக எரிந்துவிடும் என்ற நினைப்பு. லித்தியம் செல் அங்கே வெடிக்கும். பக்கத்தில் நிற்பது பெரும்பாலும் கூலிக்கு வந்த பெண்களும் வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளும். 2022-இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பப் பெறுவது தயாரிப்பாளரின் பொறுப்பு. புது பேட்டரி வாங்கும் கடையில் பழசை நீட்டி, எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேளுங்கள். எடுத்துக்கொள்ளும்வரை இரு முனையிலும் செல்லோ டேப் ஒட்டி, ஒன்றோடொன்று உரசாமல் ஒரு மண்சட்டியில் போட்டு, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்திருங்கள்.