சந்தியில் பிறக்கும் மின்சாரம்

இரயில் பாதையில் ஒரு பகுதியின் மின்னோட்டம் அடுத்த பகுதிக்குத் தாவாதிருக்க வேண்டுமானால், தண்டவாளங்கள் கூடும் மூட்டில் மின்சாரம் புகாத பொருளொன்றைச் செருகிவிடுவார்கள். அத்தகைய பொருள்கள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால் தடை இன்னும் உறுதிப்படும் என்றே நாம் எண்ணுவோம். 2004ஆம் ஆண்டில் அகிரா ஓட்டோமோ, ஹெரால்ட் ஹுவாங் என்னும் விஞ்ஞானிகள் இதற்கு நேர்மாறானதைக் கண்டனர்.

அவர்கள் எடுத்துக்கொண்ட ஒரு பொருள் ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட். 1950களில் வைரத்துக்குப் போலியாக நகைகளில் பதிக்கப்பட்ட கல்தான் அது. அதன்மேல் லாந்தனம் அலுமினேட் என்ற மற்றோர் ஆக்ஸைடை அடுக்கடுக்காக வளர்த்தனர். தனித்தனியே இரண்டும் மின்சாரத்தைக் கடத்தா. ஆயினும் அவை கூடும் சந்தியில், உலோகத்தில் ஓடுவது போல மின்சாரம் ஓடிற்று! அதிலும் ஒரு நிபந்தனை உண்டு: அடிக்கல்லின் முகம் டைட்டானிய அடுக்கில் முடிந்திருக்க வேண்டும், ஸ்ட்ரான்ஷிய அடுக்கில் முடிந்தால் ஓட்டமில்லை. மேலே வளரும் படலம் மூன்று படிகக் கூடுகளின் கனம் உள்ளவரை ஒன்றும் நிகழ்வதில்லை. நான்காவது கூடு ஏறியதும் ஓட்டம் தொடங்குகிறது என்பது 2006இல் தெரிந்தது.

காரணம் யாது? லாந்தனம் அலுமினேட்டின் அடுக்குகள் மாறிமாறி நேர் மின்னேற்றமும் எதிர் மின்னேற்றமும் கொண்டவை. கீழ்க்கல்லின் அடுக்குகளுக்கோ அவ்வாறு ஏற்றம் இல்லை. ஆகவே அடுக்கு ஏற ஏற மின்னழுத்தம் குவிகிறது. அது தாங்கவொண்ணாத நிலையை அடையும்போது எலக்ட்ரான்கள் சந்திக்கு இறங்கி, டைட்டானியம் அணுக்களிடம் குடியேறுகின்றன என்பது ஒரு சாரார் கொள்கை. படலத்தை வளர்க்கும்போது கல்லிலிருந்து ஆக்ஸிஜன் வெளியேறிவிடுகிறது, அது விட்டுச்சென்ற எலக்ட்ரான்களே இவை என்பர் மறுசாரார். குறைந்த ஆக்ஸிஜன் அழுத்தத்தில் வளர்த்த படிகங்களில் பின்னவர் கூற்று பெரிதும் மெய்யே. ஆனால் நான்காவது கூட்டின் புதிருக்கு முன்னவர் விடையே நமக்குப் பொருத்தமாகப் படுகிறது.

வியப்பு இத்துடன் நிற்கவில்லை. 2007இல் ஏறத்தாழ 0.2 கெல்வின் குளிரில் இச்சந்தி தடையேதுமின்றி மின்சாரத்தைக் கடத்தும் மீகடத்தியாயிற்று. அதே ஆண்டில், காந்தத்தன்மையற்ற இவ்விரு பொருள்களின் சந்தியில் காந்தத்தின் அடையாளங்களும் தென்பட்டன. காந்தமும் மீகடத்தலும் பொதுவாக ஒன்றையொன்று பொறாதவை. எனினும் 2011இல், ஒரே படிகத்தில் இரண்டும் திட்டுத் திட்டாக இருக்கக் கண்டதாக அறிவித்தனர். அவ்வாண்டிலேயே நியூட்ரான் கதிர்களைக் கொண்டு ஆராய்ந்த வேறு சிலர், காந்தம் இருப்பின் அது மிகச் சொற்பமே என்றனர்.