செந்நரியும் செம்மறிக் குட்டியும்

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் வேல்ஸ் மலைச்சரிவுகளில் ஆடு வளர்ப்பவர்களுக்குத் தூக்கம் கிடையாது. செம்மறிகள் குட்டி ஈனும் பருவம் அது. இரட்டைக் குட்டி ஈனும் தாய், முதல் குட்டியை நக்கித் துடைத்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது குட்டி ஈரம் காயாமல் புல்லில் கிடக்கும். வேலியோரம் காத்திருக்கும் செந்நரிக்கு அந்தச் சில நிமிடங்கள் போதும். விடிந்ததும் மேய்ச்சல் நிலத்துக்கு வருகிறவர், ஒற்றைக் குட்டியோடு நின்று கத்தும் தாயைத்தான் பார்ப்பார்.

அடுத்த இரவு அதே நிலத்துக்கு ஒரு பிக்கப் வண்டி வரும். அதில் இரண்டு பேர். ஒருவர் கையில் சக்திவாய்ந்த விளக்கு, மற்றவர் கையில் ரைஃபிள். பிரிட்டனில் இதற்கு ‘லாம்பிங்’ என்று பெயர். ஆஸ்திரேலியாவில் ‘ஸ்பாட்லைட்டிங்’ என்பார்கள். பண்ணை நிலங்களில் நரிகளைக் கட்டுப்படுத்த இந்த இரு நாடுகளிலும் பரவலாகக் கையாளப்படும் முறை இது.

உயிரைக் கொல்லும் வேலை என்பதால் இதைப் பற்றிய வாதம் அங்கே ஓய்ந்ததில்லை. விவசாயிக்குக் குட்டியைக் காப்பாற்றியாக வேண்டும். நரியும் வலி உணரும் உயிர்தானே என்கிறார்கள் விலங்குநல ஆர்வலர்கள். இரண்டுமே உண்மை. அப்படியானால் எப்போது சுடலாம், யார் சுடலாம், சுட்டதால் பயன் கிடைத்ததா என்பதை எப்படி அறிவது? இந்தக் கேள்விகளுக்கு ஆய்வுகள் ஓரளவு நல்ல விடைகளைத் தந்திருக்கின்றன.

காட்டிக்கொடுக்கும் கண்கள்

தமிழ்நாட்டு வயல்வெளிகளில் ஊளையிடும் நரி வேறு, இந்தச் செந்நரி வேறு. ஐந்து முதல் ஏழு கிலோ எடை, செம்பழுப்பு உடல், அடர்ந்த வால். பெரும்பாலும் தனியாகவே இரை தேடும். முயல், எலி, மண்புழு, பழம், பறவை முட்டை, செத்த விலங்கு என்று எது கிடைத்தாலும் தின்னும். ஆடு ஈன்றபின் விழும் நஞ்சுக்கொடியையும் செத்துப் பிறந்த குட்டியையும் எடுத்துப்போக வருவதும் உண்டு. அதனால், நரியின் வாயில் குட்டி இருந்தது என்பதாலேயே அந்தக் குட்டியை அதுதான் கொன்றது என்று சொல்லிவிட முடியாது.

இரவில் இரை தேடும் பல விலங்குகளைப்போல நரியின் விழித்திரைக்குப் பின்னாலும் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று இருக்கிறது. விளக்கு அதன்மேல் பட்டால் தொலைவிலேயே இரண்டு புள்ளிகள் மின்னும். ஆனால் ஆட்டுக்கும் மானுக்கும் பூனைக்கும் நாய்க்கும்கூடக் கண் மின்னும். அனுபவமுள்ளவர் கண்ணின் நிறத்தோடு அது அசையும் விதத்தையும் கவனிப்பார். ஆடு விளக்கையே வெறித்துக்கொண்டு நிற்கும். நரி ஒரு கணம் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பும், நகரும், மறுபடி பார்க்கும். கண் மட்டும் தெரிந்தால் சுடக்கூடாது, முழு உடலும் தெரிய வேண்டும் என்பது இந்த வேலையின் முதல் விதி.

விளக்கைப் பிடிப்பதும் ஒரு கலை. கற்றையின் நடுப்பகுதியை நரியின் முகத்தில் பாய்ச்சினால் அது ஓடிவிடும். ஆகவே ஓர வெளிச்சம் மட்டும் படும்படி பிடிப்பார்கள். சிவப்பு அல்லது மஞ்சள் கண்ணாடி பொருத்திய விளக்கைக் கண்டு நரி அவ்வளவாக மிரளாது என்பது அனுபவம். நிலா இல்லாத இரவும், முகத்தில் வந்து மோதும் காற்றும் ஏற்றவை. மனித வாடை பட்டால் நரி மறைந்துவிடும்.

நரியைத் தேடிப் போவதைவிட அதை வரவழைப்பது எளிது. புறங்கையில் உதட்டை வைத்து உறிஞ்சினால் எலி கீச்சிடும் சத்தம் எழும். அடிபட்ட முயலின் அலறலை எழுப்பும் ஊதல்களும் உண்டு. பசித்த நரி சத்தம் வந்த திசைக்கு நேராக ஓடிவரும், அல்லது காற்று வாக்கில் சுற்றிவந்து மோப்பம் பிடிக்கும். அது நூறு மீட்டர் அளவில் வந்து, பக்கவாட்டில் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து ஒரே குண்டில் முடிப்பதுதான் நல்ல சுடுநரின் அடையாளம். அவசரப்பட்டுக் குறி தவறினால் இரண்டு கேடுகள். நரி காயத்தோடு எங்கோ போய் வதைபட்டுச் சாகும். தப்பித்துக்கொண்டால், அடுத்த முறை விளக்கைக் கண்டதுமே ஓட்டம் பிடிக்கும். இப்படிப் பழகிவிட்ட நரியை அங்கே ‘லாம்ப்-ஷை’ என்கிறார்கள். பிறகு அதைப் பிடிப்பது மிகக் கடினம்.

குண்டு எங்கே போய் நிற்கும்?

பிரிட்டனில் நரிக்குப் பெரும்பாலும் .223, .22-250, .243 ரக ரைஃபிள்களைப் பயன்படுத்துகிறார்கள். .223 ரகத்தின் குண்டு சுமார் மூன்றரை கிராம்தான் இருக்கும். ஆனால் ஒலியைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு வேகத்தில் பாயும். குறி தவறினால் அது கிலோமீட்டர் கணக்கில் போகும். எனவே நரிக்குப் பின்னால் மண்மேடோ சரிவோ இருந்து குண்டை வாங்கிக்கொள்ள வேண்டும். மேட்டின் உச்சியில், வானம் பின்னணியாகத் தெரிய நிற்கும் நரியை எவ்வளவு கிட்டத்தில் இருந்தாலும் சுடக்கூடாது. வேலிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று இருட்டில் தெரியாது என்பதால், பொறுப்பானவர்கள் பகலிலேயே நிலம் முழுவதும் நடந்து வீடு, பாதை, கால்நடை எங்கே இருக்கின்றன என்று பார்த்து வைக்கிறார்கள். அக்கம்பக்கத்தாருக்கும் காவல்துறைக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்ல வழக்கம்.

இதெல்லாம் அதிகப்படியான எச்சரிக்கை அல்ல. விலங்கின் கண் என்று நினைத்து மனிதரையே சுட்டு உயிர் போன நிகழ்வுகள் நடந்திருக்கின்றன.

இப்போது பலர் விளக்கை விட்டுவிட்டு, உடற்சூட்டைக் காட்டும் தெர்மல் கருவிக்கு மாறிவிட்டார்கள். ஒளியே இல்லாததால் நரி மிரளாது, பல நூறு மீட்டருக்கு அப்பால் இருந்தாலும் தெரிந்துவிடும். ஆனால் திரையில் தெரிவது வெறும் வெப்ப உருவம். அது நரியா, பக்கத்துப் பண்ணை நாயா என்று உறுதி செய்யும் பொறுப்பும், பின்னால் மண் இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பும் மனிதருடையவை.

சட்டம் என்ன சொல்கிறது?

பற்கள் கொண்ட கால்பொறி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1958-லேயே தடைசெய்யப்பட்டது. நரிக்கு விஷம் வைப்பதும் குற்றம். குதிரையில் ஏறி, நாய்க்கூட்டத்தோடு நரியைத் துரத்திக் கொல்லும் பழைய வழக்கத்துக்கு ஸ்காட்லாந்து 2002-ல் சட்டம் இயற்றிக் கட்டுப்பாடு விதித்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதைத் தடைசெய்த 2004-ம் ஆண்டுச் சட்டம் 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. சட்டப்படி எஞ்சிய வழிகளில் முதன்மையானது ரைஃபிள். அதற்குக் காவல்துறையின் சான்றிதழ் வேண்டும். எதற்காகத் துப்பாக்கி என்பதற்குத் தகுந்த காரணம் காட்ட வேண்டும். நில உரிமையாளரின் அனுமதியும் கட்டாயம்.

அந்த 2004-ம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்னால், பர்ன்ஸ் பிரபு தலைமையில் அரசு அமைத்த விசாரணைக் குழு 2000-ம் ஆண்டில் அறிக்கை தந்தது. எந்த முறையுமே விலங்குநல நோக்கில் முழுமையானது அல்ல என்று ஒப்புக்கொண்ட குழு, தகுந்த சூழலில் முறையாகச் செய்தால், விளக்கும் ரைஃபிளும் கொண்டு சுடுவது நாய்வேட்டையைவிடக் குறைந்த துன்பம் தரும் என்ற முடிவுக்கு வந்தது. ‘தகுந்த சூழல்’, ‘முறையாக’ என்ற இரண்டு நிபந்தனைகளும் முக்கியமானவை. எல்லா நிலப்பரப்பிலும் விளக்கு வேலைக்கு ஆகாது என்பதையும் அதே அறிக்கை சுட்டிக்காட்டியது.

இரண்டு சதவீதத்துக்கும் குறைவு

பர்ன்ஸ் அறிக்கையில் இன்னொரு தகவலும் இருக்கிறது. பிழைத்திருக்கக்கூடிய ஆட்டுக்குட்டிகளில் நரி கொல்வது மொத்தத்தில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. குளிர், பசி, நோய் இவற்றால் சாகும் குட்டிகளே மிக அதிகம்.

2001-ல் கால்நடைகளுக்குக் கோமாரி நோய் பரவியபோது பிரிட்டன் முழுவதும் நாய்வேட்டை ஏறக்குறைய ஓராண்டு நிறுத்தப்பட்டது. வேட்டை நின்றால் நரிகள் பெருகிவிடும் என்று பலர் எச்சரித்தார்கள். நரிகளின் எண்ணிக்கை கூடவில்லை என்று, அதற்கு முன்னும் பின்னும் களத்தில் எடுத்த கணக்கை ஒப்பிட்ட ஆய்வாளர்கள் 2002-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். நரி தன் எல்லையை வகுத்து வாழும் விலங்கு. ஒன்று செத்தால் காலியான இடத்துக்கு இன்னொன்று வந்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை நான்கைந்து குட்டிகள் போடும் இனத்துக்கு இழப்பை ஈடுகட்டுவது பெரிய வேலை அல்ல.

அப்படியானால் சுடுவதே வீணா? சராசரி ஒரு விஷயத்தை மறைத்துவிடுகிறது. இரண்டு சதவீத இழப்பு எல்லாப் பண்ணைகளுக்கும் சமமாகப் பிரிந்து விழுவதில்லை. பத்துப் பண்ணைகளில் ஒன்றும் நடக்காது. பதினோராவது பண்ணையில் குட்டிக்குப் பழகிய ஒரே நரி இரவுக்கு ஒன்றாகத் தூக்கிப்போகும். கோழிப் பண்ணையில் நிலைமை இன்னும் மோசம். 1960-களில் இங்கிலாந்தின் ரேவன்கிளாஸ் கடற்கரையில் கருந்தலைக் கடற்காகங்களை ஆராய்ந்த ஹான்ஸ் க்ரூக், கும்மிருட்டு இரவுகளில் பறவைகள் பறக்காமல் உட்கார்ந்திருக்கும்போது நரிகள் தின்னக்கூடியதைவிடப் பல மடங்கு கொன்று போட்டுவிட்டுப் போவதைப் பதிவு செய்தார். தப்பி ஓட வழியில்லாத கோழிக்கூட்டிலும் அதுதான் நடக்கிறது. அந்த ஒரு நரியை, அந்த ஒரு நிலத்தில், அந்த வாரத்திலேயே நிறுத்துவதற்கு ரைஃபிளைவிடத் துல்லியமான கருவி இல்லை.

ஆட்டர்பர்ன் தந்த விடை

நரிக் கட்டுப்பாட்டின் பயனை மிகத் தெளிவாகக் காட்டியது ஆடல்ல, பறவை. இங்கிலாந்தின் வடகோடியில் நார்தம்பர்லாந்து மாவட்டத்து ஆட்டர்பர்ன் புல்வெளிகளில் 2000 முதல் 2008 வரை ஒரு பெரிய சோதனை நடந்தது. சில நிலங்களில் காவலர்களை அமர்த்தி நரி, காகம், கீரியை ஒத்த சிற்றூனுண்ணிகள் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தினார்கள். சிலவற்றை அப்படியே விட்டார்கள். பாதி வழியில் சில நிலங்களை இடம் மாற்றியும் பார்த்தார்கள்.

கட்டுப்பாடு இருந்த இடங்களில் நரிகள் 43 சதவீதம் குறைந்தன. தரையில் கூடு கட்டும் பறவைகள் குஞ்சு பொரித்து வளர்ப்பதில் சராசரியாக மூன்று மடங்கு வெற்றி பெற்றன. நம் ஆள்காட்டிக் குருவியின் உறவான லாப்விங்கும், நீண்டு வளைந்த அலகு கொண்ட கர்லூவும் அவற்றில் அடக்கம். கோடியக்கரைக்குக் குளிர்காலத்தில் வரும் அதே இனம்தான் கர்லூ. உலகில் இனப்பெருக்கம் செய்யும் கர்லூக்களில் ஏறத்தாழ கால்பங்கு பிரிட்டனில் இருக்கிறது, அங்கே அது வேகமாகக் குறைந்தும் வருகிறது. பறவைகளைக் காக்கவென்றே இயங்கும் ஆர்.எஸ்.பி.பி. அமைப்பும், வேறு வழி இல்லாத சில சரணாலயங்களில் நரிகளைச் சுடுவதை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

நாய்வேட்டை நின்றபோது எதுவும் மாறவில்லை. ஆட்டர்பர்னில் மட்டும் மாறியது ஏன்? அங்கே முயற்சி ஒரே நிலத்தில், கூடு கட்டும் பருவத்தையொட்டி, ஆண்டுதோறும் இடைவிடாமல் தொடர்ந்தது. காலியான இடத்துக்குப் புது நரி வந்தால் அதையும் கவனித்தார்கள்.

வால் எண்ணிய கதை

ஆஸ்திரேலியாவுக்குச் செந்நரி சொந்த விலங்கல்ல. குடியேறிய ஆங்கிலேயர்கள் வேட்டைக்காக 19-ம் நூற்றாண்டில் விக்டோரியாவுக்குக் கொண்டுவந்தார்கள். முயல்களைத் தொடர்ந்து அது கண்டத்தின் பெரும்பகுதிக்கும் பரவியது. அங்கே நரியைக் கட்டுப்படுத்துவது ஆட்டுக்குட்டி விவகாரத்தோடு நிற்பதில்லை, பல உள்நாட்டு உயிரினங்களின் பிழைப்பே அதில் அடங்கியிருக்கிறது.

2002-ல் விக்டோரியா அரசு நரி வால் ஒன்றுக்குப் பத்து டாலர் பரிசு அறிவித்தது. விளக்கும் துப்பாக்கியுமாகப் பலர் கிளம்பினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வால்கள் குவிந்தன. கணக்கைப் பார்த்தால் பெரிய வெற்றி. ஆனால் மாநிலப் பரப்பில் சுமார் நான்கு சதவீத இடத்தில் மட்டுமே நரிகள் உண்மையில் குறைந்திருக்க வாய்ப்பு உண்டு என்று மதிப்பீடு காட்டியது. பரிசுக்காகச் சுடுகிறவர், நரி எளிதாகக் கிடைக்கும் இடத்துக்குப் போவார். நரி குறைய வேண்டிய இடத்துக்கு அவர் போக வேண்டிய அவசியம் இல்லை.

அதே விக்டோரியாவில் ஃபிலிப் தீவு வேறு வழியில் போனது. சிறு பெங்குவின்கள் வாழும் அந்தத் தீவில் நச்சு இரை, மோப்ப நாய், இரவு விளக்கு, ரைஃபிள் எல்லாவற்றையும் சேர்த்து, கடைசி நரிவரை விடாமல் தொடர்ந்தார்கள். 2017-ல் தீவு நரியற்றதாக அறிவிக்கப்பட்டது. வார்னம்பூல் நகரை ஒட்டிய மிடில் தீவில் துப்பாக்கியை நம்பவில்லை. நூற்றுக்கணக்கில் இருந்த பெங்குவின்கள் நரிகளால் 2005-ல் பத்துக்கும் கீழே இறங்கிய பின், கோழிப் பண்ணையாளர் ஒருவரின் யோசனைப்படி 2006-ல் மாரெம்மா இனக் காவல் நாய்களை அங்கே விட்டார்கள். பெங்குவின்கள் மீண்டு வந்தன.

இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் முடிவு தெளிவாகவே இருக்கிறது. மின்வேலி, ஈற்றுக் காலத்தில் கொட்டகை, காவல் நாய் ஆகியவை முதலில் வர வேண்டும். அவற்றையும் மீறி இழப்பு தொடரும் பண்ணையிலும், அழிவின் விளிம்பில் நிற்கும் பறவை கூடு கட்டும் நிலத்திலும் விளக்கும் ரைஃபிளும் நியாயமான கருவிகள். பயிற்சி பெற்ற கையில், நரிக்குட்டிகள் வளைக்குள் தாயை நம்பிக் கிடக்கும் காலத்துக்கு முன்பே, குளிர்கால இறுதியில் வேலையை முடிப்பது நரிக்கும் துன்பம் குறைவான வழி. கொன்ற நரிக்குத் தலைக்கு இவ்வளவு என்று அரசுகள் தரும் பணத்தை வேலிக்கும் காவலர் பயிற்சிக்கும் மாற்ற வேண்டும். திட்டத்தின் வெற்றியைச் செத்த நரிகளின் எண்ணிக்கையில் பார்க்காமல், அந்தப் பருவத்தில் பிழைத்த குட்டிகளையும் பறந்துபோன குஞ்சுகளையும் எண்ணிப் பதிவு செய்ய வேண்டும். ஆட்டர்பர்னில் ஆய்வாளர்கள் குஞ்சுகளை அப்படித்தான் எண்ணினார்கள்.